குமிழியும் தங்கையின் கல்யாண மாலையும்

கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றோடு ஜென்மப் பகை வளர்த்த ஒரே மனிதர் குமிழிதான். சின்னமனூரில் கடை. கல்யாண மாலைப் பூக்களைக் கண்ணாடி போன்ற ரெசினுக்குள் உறையவைத்துத் தட்டாகச் செய்து தருவது தொழில். உள்ளே ஒரே ஒரு காற்றுக் குமிழி தெரிந்தாலும் பொருளைத் தரமாட்டார். அதனால் ஊர் வைத்த பெயர்தான் குமிழி; பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கடையில் ஃபேன் கிடையாது. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். ரெசின் ஊற்றும்போது யாரும் சிரிக்கக் கூடாது. ஒருமுறை தும்மித் தொலைத்த குச்சனூர்க்காரரை அதன் பிறகு வாசற்படி ஏற விடவில்லை. ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் அவர் கலக்குகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தூக்கம் வந்துவிடும்.

"கொஞ்சம் வெரசாக் கலக்குங்கண்ணே" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"இதென்ன பாயசமா? வெரசாக் கிண்டுனா காத்து உள்ள போயிரும். பேசாம அங்கன உக்காருங்க."

இவரிடம்தான் என் தங்கையின் மாலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம். ஆடிக்கு அழைத்து வந்த புதுப்பெண், மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை இருக்கும் துபாய்க்குப் போக வேண்டும். தட்டைக் கையோடு கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பூவில் ஈரம் இருந்தால் குமிழி வருமாம். அரிசிக்குள் புதைத்துக் காயவைத்துத் தரச் சொன்னார். அம்மா வடித்த சோற்றில் ரோஜா இதழ் வந்தது. அப்பா அதைக் கத்தரிக்காய்த் தோல் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

புறப்படும் நாள் காலையில் கடைக்குப் போய் நின்றோம். "ஓரத்துல ஒரு குமிழி இருந்துச்சு. தோண்டி எடுத்துட்டு விடியத்தான் புதுசா ஊத்துனேன். இன்னும் இறுகல" என்றார் சாவகாசமாக.

"சாயங்காலம் ஃப்ளைட்டுண்ணே!" என்று கத்தினேன். தங்கை அழவே ஆரம்பித்துவிட்டாள். "குமிழி இருந்தா இருந்துட்டுப் போகுது. என் மாலையக் குடுங்கண்ணே."

"அழாத ஆத்தா. அங்கன போயி தனியா உக்காந்து இதத்தான பாக்கப்போற? பாக்கும்போதெல்லாம் அந்தக் குமிழிதான் கண்ணுல படும். பொழுதுசாயத் தொட்டா ஒட்டாது. அதுவரைக்கும் தட்டு சாயக் கூடாது, அம்புட்டுத்தேன்." சொல்லிவிட்டு, மூடி போட்ட தட்டோடு எங்கள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மதுரை வரை அந்தப் பயணம் இருக்கிறதே! தூசி விழுமென்று ஜன்னலை இறக்கக் கூடாது. குளிர் ஆகாதென்று ஏசி போடக் கூடாது. மூடிமேல் கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டம். வேகத்தடை வந்தால் தட்டை இரண்டு கையாலும் அந்தரத்தில் தூக்கிக்கொள்வார். ஆண்டிபட்டிக் கணவாயில், "ஏலே, பிரேக்குல கால வைக்காத!" என்று டிரைவரை அதட்டினார். வேர்த்து விறுவிறுத்து, இந்த மனிதரை நடுவழியில் இறக்கிவிட்டால் என்ன என்றே எனக்குத் தோன்றியது.

விமான நிலையத்தில் மூடியைத் திறந்தார். ஒரு பொட்டுக் குமிழி இல்லை. தங்கை வாங்கியவுடன் ஆசையாக நெஞ்சோடு அணைக்கப் போனாள்.

"ஆத்தா, மட்டம்! மட்டம்!" என்று அலறினார். அவள் அழுகையும் சிரிப்புமாகத் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வருகையில் ஏசி போட்டதும் பின்சீட்டில் தூங்கிவிட்டார். தட்டில்லாத இரண்டு கைகளும் மடிமேல் அப்படியே விரிந்திருந்தன. உசிலம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடை வந்தது.

"தம்பி, பைய ஏத்து" என்றேன் டிரைவரிடம். "அண்ணன் தூங்குறாக."