ரப்பர் மரத்துக்கு நேர்ந்துகொண்ட முடி

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு வெகு காலம் இருந்ததில்லை. (இப்போதும் சுமார்தான் என்கிறாள் மனைவி.) அந்தக் குணத்தால் ஒருமுறை என் தலைமுடி மொத்தமும் போனது. அதுவும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரன். அப்போது ஒரு தேயிலைத் தோட்டத்தில் பீல்ட் ஒபிசர். ஆறு மாத விவசாயக் கோர்ஸ் ஒன்றை முடித்து, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். தேயிலை வருடம் பூராவும் பச்சையாக நிற்கும். ஆகவே பச்சையாக இருந்தால் நலம், இல்லையென்றால் நோய். என் விவசாய ஞானம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

இந்த ஞானத்தோடு ஒரு பெப்ரவரி மாதம், ரப்பர் விளையும் ருவான்வெல்லைப் பக்கம் அம்மாவோடு பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் செல்வி. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "சீனி போதுமாங்க?" என்று கேட்டாள். அதில் சீனியே இல்லை. "போதுமுங்க" என்றேன். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான்.

பெரியவர்கள் சித்திரை வருசம் பிறந்து இரண்டு வாரத்தில் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பின்பக்க ஜன்னலைப் பார்த்தேன். அதோடு வெட்கம் பறந்துவிட்டது. செல்வியின் அப்பா சொந்தமாக வைத்திருந்த அறுபது ரப்பர் மரங்களும் ஓர் இலை கூட இல்லாமல் குச்சி குச்சியாக நின்றன. தரையெல்லாம் சருகு.

"மாமா, மரமெல்லாம்..." என்று இழுத்தேன்.

"பால் வெட்டுறத நிப்பாட்டியாச்சு தம்பி. இப்ப பால் வராது" என்றார் அவர், வடையைக் கடித்துக்கொண்டே. "சித்திரை வரட்டும், எல்லாம் சரியாயிரும்."

ஐயோ பாவம், சோகத்தை மறைத்து வடை சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஆதாரமே அந்த மரங்கள்தான். அதுவே பட்டுப்போனால் கல்யாணம் எப்படி நடக்கும்? இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அதற்குள் வேறு எவனாவது சீனியில்லாத தேத்தண்ணீரைக் குடித்துவிடுவான்.

"மனசத் தளர விட்டுறாதீங்க மாமா" என்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.

என்ன நோய் என்று கேட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். சான்றிதழ் வாங்கியவன் கேட்பானா?

பஸ் ஏறும் சந்தியில் ஒரு மாரியம்மன் கோயில். அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். கண்ணை இறுக்கி மூடி, பூசாரிக்குக் கேட்கிற சத்தத்தில், "தாயே, அந்த அறுபது ரப்பர் மரமும் துளிர்த்துட்டா, கல்யாணத்துக்கு முந்தி இங்கயே வந்து மொட்டை போடுறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரப்பர் மரமா தம்பி?"

"ஆமாங்க. மொத்தமா காஞ்சிருச்சு."

"கவலப்படாதீங்க. கட்டாயம் துளிர்க்கும்" என்று சொல்லி விபூதி கொடுத்தார். என்ன நம்பிக்கை என்று புல்லரித்துப் போனேன்.

மார்ச் மாதக் கடைசியில் செல்வி போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். மரங்கள் முழுக்கச் செம்பு நிறத்தில் இளம் இலைகள். வேலியோரத்துக் கல்யாண முருங்கை சிவப்பாகப் பூத்திருந்தது. "குயிலும் கூவ ஆரம்பிச்சிருச்சு" என்று எழுதியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா! அம்மன் கண்ணத் தொறந்துட்டா! மரமெல்லாம் பொழச்சிருச்சு!"

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, ரப்பர் மரம் வருசா வருசம் பெப்ரவரில இலையக் கொட்டும், மார்ச்சுல துளிர்க்கும். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அப்புறம் அவர் போனை வைக்க மறந்துவிட்டார். வீடே சிரிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நேர்ந்துகொண்டது செல்லாது என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "மரம் துளிர்த்துச்சா இல்லையா?" பூசாரியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "சாமிக்கு வர்றத நான் எதுக்கு தம்பி தடுக்கணும்?" என்றார் அவர்.

கடைசியாகச் செல்விக்குப் போன் போட்டேன். "கல்யாணத்தன்னிக்கு நான் மொட்டையா இருப்பேங்க. உங்களுக்கு வெக்கமா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மரமெல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்சப்பயும் நீங்க இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லலதானே?"

"சொல்லலங்க."

"அப்ப போய் மொட்டை போட்டுட்டு வாங்க."

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் புருவத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

தாலி கட்டும்போது தலைப்பாகை வழுக்கி மூக்கு வரை இறங்கிவிட்டது. கண் தெரியாமலே மூன்று முடிச்சும் போட்டேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகத்தைத் தேட வேண்டியிருக்கும்.

பிறகு மாற்றல் கேட்டு இந்தப் பக்கமே, செல்வி வீட்டுக்கே வந்துவிட்டேன். பெப்ரவரியில் முதல் இலை விழுந்ததும் மாமனார் ஆரம்பித்துவிடுவார். "மாப்பிள, மரத்துக்கு முடியல போல. கோயிலுக்குப் போகலையா?" எங்கள் மகள் தன் பங்குக்குச் சவரக் கத்தியைக் கொண்டு வந்து வைப்பாள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் மார்ச்சில் தினமும் விடிந்ததும் முதல் வேலையாகப் பின்பக்கம் போய் அண்ணாந்து பார்ப்பேன். துளிர்க்கும் என்று தெரியும். இருந்தாலும் அந்தச் செம்பு நிறத்தைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.

இந்த வருடமும் அறுபதும் துளிர்த்துவிட்டன. என் முன்மண்டையில்தான் சில வருடங்களாக ஒன்றும் துளிர்ப்பதில்லை.

"அதுக்கும் அம்மனுக்கு நேர்ந்துக்கங்க" என்கிறாள் செல்வி.

நேர்ந்துகொள்ளலாம்தான். மொட்டை போடுவதாகச் சொன்னால் அம்மன் இந்த முறை நம்ப வேண்டுமே.