கழுத்துக்குக் கீழே நலம்

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

மும்பையில் கடையும் மக்களுமாகக் குறைவில்லாமல் இருக்கும் மச்சான் ஜெயகணேஷ் அவர்களுக்கு, உங்கள் தங்கை முருகேஸ்வரியின் வீட்டுக்காரன் செந்தூர்வேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே கழுத்துக்குக் கீழே நான் நலம். அங்கே நீங்களும் அக்காவும் தலை முதல் கால் வரை நலமாக இருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எவன் கடுதாசி எழுதுவான் என்று கேட்பீர்கள். தொண்டைப் புற்றுக்கு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து நாள் ரேடியேஷன் கரண்டு வைத்ததில் என் குரல் ஓட்டை ஹார்மோனியமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அடிக்கலாம் என்றால் போன் மகள் ரம்யா கையில் இருக்கிறது, பெற்ற மகள் வாசிக்கிற விஷயமா இது? கரண்டு வைத்து முடித்து மூன்று மாதமாகியும் வாயில் சொட்டு எச்சில் ஊறுவதில்லை. ஆத்தூர் வெற்றிலையை முப்பது வருஷமாக மொத்தமாக இறக்கி, இந்த ஊரையே சிவக்கச் சிவக்கத் துப்ப வைத்தவனுக்கு இன்று துப்ப எச்சில் இல்லை. மாநகராட்சிச் சுவர்கள் ஒன்றுகூடிச் சாபம் விட்டிருக்கின்றன.

ஆனால் மச்சான், வெற்றிலையை நான் விற்றேனே தவிர வாயில் வைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். "பையன் வெத்தல பாக்குகூடப் போடமாட்டான், தங்கமான பையன்" என்று சொல்லித்தானே உங்கள் அப்பாவிடம் எனக்குப் பெண் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்தத் தங்கம் இப்போது படும் பாட்டைக் கேளுங்கள். தொண்டையில் கட்டி என்றதும் தெருவே நிம்மதியாகிவிட்டது. "வெத்தலக் கடைக்காரர்லா, வேற எங்கன இருந்து வரும்?" என்றார்கள். டாக்டர் சமீரா மட்டும் நம்பவில்லை. ரம்யா வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. இன்னொரு சோதனை செய்துவிட்டு, வீட்டாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினாள். "அண்ணாச்சி, இது பொயிலைல வந்தது இல்ல. எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். உடலுறவுல பரவும், வாய் வழியாத் தொண்டைக்கும் போகும். நெறைய பேருக்கு வந்து தானாப் போயிரும். சிலருக்குத் தங்கி, இருபது முப்பது வருசம் கழிச்சு இப்படி ஆகும். யாருகிட்ட இருந்து, எப்ப வந்துச்சுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு அவள் பைலைப் பார்த்துக்கொண்டாள், நான் மேலே சுற்றிய காத்தாடியைப் பார்த்துக்கொண்டேன்.

ஒருத்தராலும் சொல்ல முடியாதாம். என்னால் சொல்ல முடியும், உங்களாலும் முடியும். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம், பம்பாயில் ஒரே கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தபோது, படம் பார்க்கப் போகிறோம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அந்த வீட்டு வாசல் வரை வந்து, "முருகா, எனக்கு வேண்டாம்ல" என்று திரும்பி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் படியேறினேன். நீங்கள் டீ குடித்த பலனை இன்றுவரை அனுபவிக்கிறீர்கள்.

இதை முருகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. அதனால்தான் ஊர் சொன்னதையே பிடித்துக்கொண்டேன். ஆமாம், திருட்டுத்தனமாகப் பொயிலை போட்டேன் என்றேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று மெத்தைக்கு அடியில் ஒரு பொயிலைப் பொட்டலத்தை ஒளித்து வைத்தேன். அவள் அதை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து ரோஜாச் செடிப் பூச்சிக்குத் தெளித்துவிட்டாள். சரி, நாலு பேர் பார்க்கவே போட்டுவிடுவோம் என்று, கரண்டு ஆரம்பிக்கும் முன்பு ஒரு நாள் கடையில் உட்கார்ந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டேன். அடுத்த நிமிஷம் கடை சுற்றியது, துறைமுகம் சுற்றியது, நான் வெற்றிலைக் கூடைக்குள் கிடந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஜெரால்டுதான் தூக்கிவிட்டார். "என்ன அண்ணாச்சி, முப்பது வருசமா போடுத ஆளு ஒரு துண்டுக்கா இப்படி விழுவாரு?" என்று ஊர் கேட்கக் கேட்டார். உண்மையைச் சொன்னவர்கள் கெட்டுப்போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், பொய்யும் எனக்கு வரவில்லை என்றால் நான் எங்கே போக?

சிரித்தது போதும் மச்சான், அழுகைக்கு வருகிறேன். போன மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். "நல்லாச் சாப்பிடுங்க அண்ணாச்சி, மத்ததை வீட்டுல சொல்லியிருக்கேன்" என்றாள் சமீரா. அந்த மற்றது என்னவென்று எனக்குத் தெரியாதா? வைரஸ் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து முருகேஸ்வரி என்னோடு பேசுவதில்லை. கஞ்சியைக் கொண்டு வந்து வைப்பாள், மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் கையெடுத்துக் கேட்கிறேன். அன்று எனக்காக நல்ல சர்ட்டிபிகேட் கொடுத்த நீங்கள் இன்று கெட்ட சர்ட்டிபிகேட் ஒன்று கொடுக்க வேண்டும். அவளுக்குப் போன் போட்டு, பம்பாயிலேயே நான் பொயிலை போடுவேன், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லுங்கள். எந்த டாக்டர் என்ன சொன்னாலும் அண்ணன் சொல்தான் அவளுக்கு வேதம். இன்னொன்று, அவள் வயதுப் பெண்கள் எல்லோருமே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சமீரா சொன்னாள். அக்காவைப் பேசவைத்து அவளை எப்படியாவது அதற்குப் போகச் சொல்லுங்கள். நான் செய்த பாவத்துக்கு அவளுக்கு ஒன்று வந்துவிட்டால், இந்தக் கட்டி ஆறியும் பிரயோஜனம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகளுக்குச் செந்தூரான் நல்ல உடம்பையும், மழை நாளில் டீக்கடையில் உட்காரும் புத்தியையும் கொடுக்கட்டும். வாசித்ததும் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கமான பையன்,
செந்தூர்வேல்

பின்குறிப்பு: அண்ணே, முருகேஸ்வரி எழுதுகிறேன். கவரை ஒட்ட அவுக வாயில எச்சில் இல்ல. ஒட்டித் தபாலில் போடச் சொல்லி ஜெரால்டு அண்ணன்கிட்ட கொடுத்திருக்காக. அவர் பசை கேட்டு நேரே என்கிட்டயே வந்து நிக்கார்.

வாசிச்சிட்டேன். வைரஸ் விஷயம் எனக்கு அப்பவே தெரியும், பைலைப் பார்த்து ரம்யா சொன்னா. அந்த வாரமே போய்ப் பரிசோதனை செஞ்சுக்கிட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல. கோவம் இருந்தது நெசம். போன மாசம் ஸ்கேன் வந்த அன்னைக்கு அது போன இடம் தெரியல. கழுத்துக்குக் கீழே நலம்னு எழுதியிருக்காக. இல்ல அண்ணே. கட்டி நெஞ்சுக்கு எறங்கிட்டு, ரெண்டு பக்கமும். அவுககிட்ட சொல்லாண்டாம்னு நாங்கதான் டாக்டரம்மாகிட்ட அழுது கேட்டோம். வாயைத் தொறந்தா அழுதுருவேன்னுதான் பேசாம இருக்கேன்.

போன் போட வேண்டாம். நேர்ல வாங்க. டீக்கடையில உக்காந்த கதைக்கு உங்களை அப்புறம் கேட்டுக்கிடுதேன். வந்து, அவுக பார்க்க, அந்தப் பொயிலப் பொய்ய என்கிட்ட சொல்லுங்க. நான் நம்பிக்கிடுதேன். சீக்கிரம் வாங்க.