வீட்டில் இல்லாதோர் கணக்கு

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஊரில் வீடில்லாமல் இருக்கும் வயதுவந்தோர் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பேர் என்று கணினி சொன்னது. பட்டியலில் முதல் பெயர் நகரத் தலைவருடையது. இரண்டாவது பெயர் தலைவரின் மைத்துனருடையது. பதினேழாவது பெயரைப் படித்ததும் காற்புள்ளிக்கு மூச்சு நின்று, யோசித்து, மறுபடி வந்தது. அது அவர் மனைவியின் பெயர்.

காற்புள்ளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நகர அலுவலகத்துப் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர். காற்புள்ளி விட்டுப்போன எந்தக் காகிதத்தையும் மேலே போக விடமாட்டார். ஒருமுறை ஒரு இரங்கல் தீர்மானத்தை அவர் ஒன்பது தடவை திருப்பி அனுப்பியதில், இறந்துபோன அதிகாரியின் இடத்துக்கு வந்தவரும் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூட்டமாகப் போட்டார்கள்.

"அக்கா, இது என்ன கூத்து?" என்று தட்டச்சு அக்காவிடம் ஓடினார்.

"வந்ததை அடிச்சேன்" என்றார் அக்கா. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. எதற்கும் பதறுவதில்லை என்று விரதம்.

"தலைவருக்கு மூணு மாடி வீடு இருக்கு!"

"இருக்கட்டுமே. அன்னிக்கு அவர் வீட்ல இல்லையே."

காற்புள்ளி படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தார். கொட்டை எழுத்தில் தலைப்பு: 'வீட்டில் இல்லாதோர் கணக்கெடுப்பு.'

"நான் 'வீடில்லாதோர்'னுதான் அடிச்சேன்" என்றார் அக்கா. "நீங்கதான், சேர்த்து எழுதினா ஜனங்களுக்குப் புரியாது, பிரிச்சு எழுதுங்கன்னு குதிச்சீங்க. பிரிச்சேன்."

"பிரிக்கத்தானே சொன்னேன்? நடுவுல இந்த 'ட்டி' எங்கிருந்து குதிச்சது?"

"ஆறு தரம் திருத்தினீங்களே, அப்போ எதைப் பார்த்தீங்க?"

படிவத்தில் இருந்த காற்புள்ளியைத்தான் பார்த்திருந்தார். அது சரியான இடத்தில்தான் இருந்தது.

கணக்கெடுக்கப் போன பதினெட்டுப் பேரையும் குறை சொல்வதற்கில்லை. தெருத் தெருவாகப் போய், கதவு கதவாகத் தட்டி, உள்ளே யார் யார் இல்லையோ அவர்களையெல்லாம் வயது உட்பட எழுதி வந்திருந்தார்கள். சந்தைக் கொட்டகை, பாலத்தடி, பஸ் நிலையத்தின் பின்புறம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போகவில்லை. அங்கே தட்டுவதற்குக் கதவு இல்லை.

சாதாரண நாளாயிருந்தால் காற்புள்ளி ஒரு திருத்தம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். இந்தத் தடவை அப்படி முடியாது. ஊர்க்கோடியில் பழைய நூல் கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்படித்து, நாற்பது கட்டில் போட்டு, வீடில்லாதவர்களுக்கான விடுதியாக்கி வைத்திருந்தார்கள். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அந்த யோசனையை எழுதி மேலே அனுப்பியதே காற்புள்ளிதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதியவற்றில் காகிதத்தை விட்டு வெளியே வந்த ஒரே விஷயம் அது.

ஆணையர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள, நாற்பது பேர், கையெழுத்தோட. ஒண்ணு குறைஞ்சாலும் கிடங்கு நம்ம வண்டிங்களுக்கு. பாவம், மூணு ஜீப்பும் வெயில்ல காயுது."

ஆணையர் அலுவலகத்தின் மாடியிலேயே குடியிருந்தார். "எனக்கு வேற வீடு வாசல் கிடையாதய்யா, ஆபீஸ்தான் வீடு" என்று கூட்டம்தோறும் பெருமையாகச் சொல்லுவார்.

காற்புள்ளியின் மனசில் முதல் கட்டில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. ஜன்னலோரக் கட்டில். அது படியம்மாவுக்கு. ஒன்பது வருஷமாக அலுவலகத்தின் மூன்றாவது படியில், திறக்கும் நேரம் முதல் பூட்டும் நேரம் வரை உட்கார்ந்திருக்கும் அம்மாள். பூட்டிய பிறகு எங்கே போவார் என்று புள்ளிவிவரப் பிரிவில் யாரும் கேட்டதில்லை. வாய் மட்டும் பெரிது. "கதவை ஏன்டா அறையறே, கீலு போகாது?" என்று தலைவரையே அதட்டியவர். அவருக்குப் பயந்து அந்தக் கட்டடத்துச் சுவரில் ஒருத்தரும் துப்புவதில்லை.

காற்புள்ளி முதல் வைத்தியத்தில் இறங்கினார். பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு கடிதம்: 'தாங்கள் வீடில்லாதவர் எனப் பதிவாகியுள்ளீர்கள், ஆட்சேபணை இருப்பின் நேரில் வரவும்.' கடிதங்கள் அவரவர் வீட்டு விலாசத்துக்கே போயின.

செவ்வாய்க்கிழமை தொள்ளாயிரம் கடிதங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் மேலும் கொண்டுபோனவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'வீட்டில் இல்லை.'

"எல்லாத்தையும் ஏத்திட்டேன்" என்றார் தட்டச்சு அக்கா.

"எங்கே ஏத்தினீங்க?"

"அந்தத் தலைப்புலதான். இப்ப மூவாயிரத்து எண்ணூத்துப் பதினாலு."

புதன்கிழமை மீதிப் பேர் நேரில் வந்தார்கள். ஆட்சேபிக்க அல்ல. பட்டியலில் இருந்தால் வீடு கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வளைந்து வந்து தன் வாலையே பிடித்துக்கொண்டது. அதில் கடைசி ஆள் யார் என்று தெரியாமல் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"நான் குடியிருக்கிறது வீட்டுக்காரர் வீடு சார். என் வீடு எங்கே?"

"வாடகையெல்லாம் மூணாம் ஜன்னல்! அடுத்து!"

"மாமனார் வீட்ல இருக்கேன். அதை வீடுன்னு எழுதறதுக்கு முன்னாடி நீங்க அங்க வந்து ரெண்டு நாள் இருந்து பாக்கணும்."

"அடுத்து!"

"இந்த உலகத்துக்கே நாமெல்லாம் வாடகைக்கு வந்தவங்கதானே, தம்பி" என்றார் ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு.

"வாடகை மூணாம் ஜன்னல்னு சொன்னேனே ஐயா! அடுத்து!"

"பொறந்த வீடு அண்ணனுக்குன்னாங்க. புகுந்த வீடு மாமியாருக்குன்னாங்க. என் வீடு எதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா" என்று நிமிர்ந்த காற்புள்ளி, எதிரே தன் மனைவி நிற்பதைக் கண்டார்.

"இங்க என்ன பண்றே?"

"நீங்கதானே ஆபீஸ் முத்திரை குத்திக் கடிதாசு போட்டீங்க!"

அன்றைக்கு அவருக்கு வீட்டில் சோறு கிடைத்ததா என்பது பற்றித் தரமான தகவல் இல்லை.

வியாழக்கிழமை இலக்கணத்தை இறுக்கினார். 'நேற்று இரவு தன் வீட்டில் படுக்காதவர் மட்டும்' என்று வாசலில் பலகை. காவல்காரர்கள் வந்தார்கள். செவிலியர்கள் வந்தார்கள். தகுதி பெறுவதற்காகவே சிநேகிதன் வீட்டில் படுத்த பதினோரு கணவன்மார் வந்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய மனைவிமார் வந்து, "குடும்பத்தைப் பிரிக்கிற அந்தக் காற்புள்ளி எங்கே?" என்றார்கள்.

காற்புள்ளி பின்வாசல் வழியாக ஓடி, கட்டடத்தைச் சுற்றி வந்து, மூன்றாவது படியில் தொப்பென்று விழுந்தார்.

"என்ன தம்பி, நாய் துரத்துதா?" என்றார் படியம்மா.

அவர் முழுக்கதையும் சொன்னார். படியம்மா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

"வீடில்லாதவங்களைத் தேடறவன் வீடு வீடாவா போவான்? வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியே. எழுந்திரு. எழுதற அட்டையைக் கக்கத்துல ஒளிச்சு வை. அதைக் கண்டா ஓடிடுவாங்க. போன தடவை அட்டையோட வந்தவன் பின்னாடியே லத்தி வந்துச்சு."

சந்தைக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து சாய்ந்திருந்தார்கள். படியம்மா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போன தடவை எடுத்த பட்டியலில் மேஸ்திரி என்றும், தாடி என்றும், ரயிலடித் தாத்தா என்றும் மூன்று பேராக இருந்தவர் ஒரே ஆள் என்று தெரிந்தது. ஒரே ஆளாக இருந்தவர் மூன்று பேர் என்றும் தெரிந்தது.

"அடையாள அட்டை ஒண்ணுதாங்க. மூணு பேரும் முறை வெச்சு வெச்சுக்கறோம்" என்றார் அந்த மூவரில் நடுவில் இருந்தவர். "இன்னிக்கு என் முறை இல்ல. அதனால இன்னிக்கு நான் நான் இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கு நான்தான். காலையிலேயே வாங்க."

காற்புள்ளி தரையில் உட்கார்ந்து எழுதினார். எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டால், "வடக்குத் தூண், மழை வந்தா தெற்குத் தூண், கறிக்கடை கழுவுற அன்னிக்கு ரெண்டும் இல்ல" என்று பதில் வந்தது. அவர் வாழ்நாளில் இத்தனை துல்லியமான தகவலைப் பார்த்ததில்லை. பாலத்தடியில் ஒரு பெண் கையெழுத்துப் போடுமுன் கேட்டாள்: "இதுல போட்டா நிஜமாவே கட்டில் குடுப்பாங்களா அண்ணே?" அவர் தலையாட்டினார். ஆட்டிய தலை அன்றைக்கு முழுக்க அவருக்குக் கனத்தது.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு முப்பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் அதற்கு மேல் ஒருத்தரும் இல்லை. முப்பத்தொன்பது பேரும் மூட்டை முடிச்சோடு அலுவலக வாசலில் நின்றார்கள்.

காற்புள்ளி படியம்மாவிடம் படிவத்தை நீட்டினார். "நாற்பதாவது நீங்கதாம்மா. ஜன்னலோரக் கட்டில். 'எனக்கு வீடு இல்லை'ன்னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழே."

படியம்மா கையை இழுத்துக்கொண்டார். "வேற என்ன வேணா கேளு. அந்த இடத்துல கையெழுத்து மட்டும் கேக்காதே."

"உங்க கௌரவம் எனக்குப் புரியுதும்மா..."

"உனக்கு ஒரு மண்ணும் புரியல. நகரு."

தட்டச்சு அக்கா காதோடு சொன்னார்: "என் பேரைப் போடுங்க. கல்யாணமான நாள்லேருந்து நான் எங்க வீட்ல நிம்மதியாத் தூங்கினதில்ல."

"ஒரு பொய்ப் பேரு உள்ள போனா முப்பத்தொன்பது நிஜமும் பொய்யாயிடும் அக்கா" என்றார் காற்புள்ளி. அந்த வாக்கியத்தில் காற்புள்ளியே இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். மாடித் தாழ்வாரத்தில் ஆணையர் துண்டும் கையுமாகத் தோன்றினார்.

"எத்தனை?"

"முப்பத்தொன்பது, சார்."

"அடடா! டிரைவர், வண்டிங்களைக் கிடங்குக்கு விடுப்பா!"

மூன்று ஜீப்பும் உறுமின. பாலத்தடிப் பெண் காற்புள்ளியைப் பார்த்தாள். காற்புள்ளி படியில் மண்டியிட்டார்.

"அம்மா, உங்க ஒரு கையெழுத்துல முப்பத்தொன்பது பேருக்குக் கூரை. கால்ல வேணா விழறேன்."

அப்போது ஒரு வக்கீல் குமாஸ்தா தலைதெறிக்க ஓடிவந்து, ஜீப்புகளுக்கு நடுவே புகுந்து, படியம்மாவின் கையில் ஒரு காகிதத்தைத் திணித்துவிட்டு, பேச மூச்சில்லாமல் நின்றார். படியம்மா அதை இரண்டு தரம் படித்தார். புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நாலாவது படியில் ஏறி நின்று, காற்புள்ளியைத் தூக்கி நிறுத்தினார்.

"வீடில்லைன்னு நான் கையெழுத்துப் போட்டிருந்தா ஒன்பது வருஷமா நடந்த கேஸே தோத்திருக்கும் தம்பி, இந்தக் கட்டடமே என் வீடு, குத்தகை முடிஞ்சும் நகராதவங்க இன்னிக்கே காலி பண்ணணும்னு தீர்ப்பு வந்தாச்சு, அதனால நாற்பதாவதா மாடியில துண்டோட நிக்கறாரே, அவர் பேரை எழுதிக்கோ!"