பாவடிச் சாமி வாய் திறந்த நாள்

ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசத் துணிச்சல் இல்லாதவன் என்ன செய்வான்? தலையைப் படிய வாரிக்கொண்டு அவள் தெருவில் நாலு தடவை வண்டி ஓட்டுவான், அத்தோடு விட்டுவிடுவான். நான் பதினாறு பாட்டில் ஓர் இசை நாடகம் எழுதி, ஊரையே கூட்டி, என் மானத்தோடு ஒரு சித்தரின் மானத்தையும் சேர்த்து வாங்கினேன்.

பதினைந்து வருடம் இருக்கும். குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் நான் மேஸ்திரி. தறி நின்றால் ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். அதே பட்டறையில் சுமதி தார் சுற்றினாள், அதாவது தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டைகளில் நூல் சுற்றித் தருவாள். தறிச் சத்தத்தை மீறிக் கேட்கும் குரல் அவளுக்கு. பட்டறை ஆண்கள் அத்தனை பேரையும் ‘அண்ணா’ என்று கூப்பிட்டவள், என்னை மட்டும் ‘ஏனுங்க’ என்பாள். விட்டுப்போன அந்த ஒரு அண்ணாவை அஸ்திவாரமாக வைத்து நான் மனசுக்குள் மாடி வீடே கட்டியிருந்தேன். (கிரகப்பிரவேசத்துக்குப் பந்தக்கால் நடுவதுதான் பாக்கி.)

எங்கள் பகுதியில் பாவடிச் சாமி என்று ஒரு சித்தர் சமாதி உண்டு. நெசவாளிகள் பாவு நூலை நீளமாக விரிக்கும் திடலில் ஒருநாள் வந்து உட்கார்ந்தவர், அறுந்த இழைகளை முடிந்து கொடுத்தபடியே காலத்தைக் கழித்தார், சமாதியாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்பார்கள். வருடா வருடம் குருபூசைக்கு ஆர்கெஸ்ட்ரா வைப்பது வழக்கம். அந்த வருடம் நான் விழாக் கமிட்டித் தலைவரிடம் போனேன். அவர்தான் எங்கள் பட்டறை முதலாளியும். சாமி கதையை நம் பட்டறை ஆட்களே நாடகமாகப் போடலாம், வசனமே கிடையாது, எல்லாம் பாட்டுத்தான் என்றேன். அவர் கணக்கு நோட்டை மூடிவைத்தார்.

“ஏம்ப்பா, வாயே தொறக்காத சாமிக்குப் பாட்டு நாடகமா?”

நியாயமான கேள்விதான். ஊர் பாடும், சாமி கேட்டுக்கொண்டிருப்பார் என்று விளக்கிச் சம்மதம் வாங்கினேன். கதாநாயகனுக்கு ஒரு பாட்டும் இல்லை என்று தெரிந்ததும் அந்த வேடத்துக்கு ஒருவரும் வரவில்லை. சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று தியாகம் செய்தேன். உண்மைக் காரணம் வேறு. சாமிக்கு எதிரில் நின்று முதலிலிருந்து கடைசிவரை பாடப்போகிறவள் சுமதி. அரைக்கண் மூடி ஒன்றரை மணி நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க முடியாது.

ஒத்திகைக்காகத் தறியை நிறுத்த முதலாளி ஒப்பவில்லை. ஓடுகிற தறிகளுக்கு நடுவில்தான் சுமதியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் இரண்டு மாதம் பாடிப் பழகினார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று, தாளக்காரரே தேவைப்படவில்லை. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிக்கிற அடியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் ஒரே குரலாகப் பாடினார்கள். என் அறிவை நினைத்து நானே வியந்துகொண்டேன்.

பூசைக்கு நாலு நாள் முன்னால் சுமதி தார்க்கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

“ஏனுங்க, பூசைக்கு மறுநா என்னயப் பொண்ணு பாக்க வாராங்க. வடக்க இச்சல்கரஞ்சியில தறி வெச்சிருக்காங்களாம்.”

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். நான் “அப்படீங்களா” என்றேன். (கல்லுக்குக்கூட அதைவிட நல்ல பதில் தெரிந்திருக்கும்.) நாடகம் முடிந்த கையோடு மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதி மனப்பாடம் செய்தேன்.

விழாவன்று மாலை ஆறு மணிக்கே திடல் நிறைந்துவிட்டது. ஒட்டுத்தாடி, உருத்திராட்சம், முன்னால் தட்டு நிறையத் திருநீறு என்று மேடை நடுவில் உட்கார்ந்தேன். மைக்செட்காரர் ஒரு மைக்கைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேராக வைத்தார். சாமிக்குப் பேச்சே இல்லையே என்று கிசுகிசுத்தேன். எல்லாருக்கும் வைத்துவிட்டுச் சாமிக்கு வைக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று சொல்லி, எக்கோவையும் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போனார்.

திரை விலகியது. சுமதி வாய் திறந்தாள், பாட்டு வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மேடையில் தறி இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் அப்படியோர் அமைதியில் ஒருநாளும் பாடியதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. தறி நின்றால் மேஸ்திரி எங்கே என்று தேடுவாளே, அதே பார்வையோடு என்னைப் பார்த்தாள்.

நான் சாமி என்பது எனக்கு மறந்தே போயிற்று. “டக்கடா டக்கடா டக்கடா” என்றேன்.

எக்கோவோடு அது ஆற்றைத் தாண்டிப் பவானிவரை கேட்டிருக்கும். சுமதி அடியைப் பிடித்துக்கொண்டாள், பின்னால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பட்டறையில் பாடுகிற அதே தொண்டையில் ஸ்பீக்கர் கிழியப் பாடினார்கள். ஆனால் பாட்டை யார் கேட்டார்கள்? முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, சாமி வாயைத் திறந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர் சூடம் கொளுத்தினார். நாலாவது பாட்டுக்குள் மேடைக்கு வரிசை கட்டிவிட்டார்கள். மகளுக்குக் குழந்தை பிறக்குமா என்று ஒருவர் கேட்டார். நான் பயத்தில் இரண்டு தடவை டக்கடா சொல்ல, இரட்டைப் பிள்ளை என்று சந்தோஷமாக இறங்கிப் போனார். முதலாளியே காலில் விழுந்தார். (மறுநாள் அதற்கும் சேர்த்துத் திட்டினார்.) நாடகம் அத்தோடு சரி. மீதிப் பன்னிரண்டு பாட்டு இன்னும் என் பீரோவில் தூங்குகிறது.

வரிசையின் கடைசியில் சுமதி வந்தாள். காலையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே, அவளுடைய அப்பா கீழே வண்டியைக் கிளப்பித் தயாராக இருந்தார். அவள் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“போய்ட்டு வாரேனுங்க.”

மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எதிரில் மைக், சுற்றிலும் கும்பிட்ட கைகள். ஊருக்கே பேசிய சாமிக்கு அந்த நேரம் பார்த்து வாய் கட்டிப்போயிற்று. என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன். திருநீற்றை அள்ளி அவள் கையில் போட்டேன்.

அடுத்த மாதமே அவள் கல்யாணமாகி இச்சல்கரஞ்சிக்குப் போய்விட்டாள். தார் சுற்றும் மூலையில் வேறோர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஆனாலும் காது சும்மா இருக்கவில்லை. பல வருடம் தறிச் சத்தத்துக்குள் அவள் குரல் வருகிறதா என்று தேடிக்கொண்டே இருந்தது. அவள் இல்லாமல் எனக்கு அந்தப் பட்டறையே பிடிக்கவில்லை.

போன வருடக் குருபூசைக்குச் சுமதி தன் மகளோடு வந்திருந்தாள். நான் மனைவியோடு போயிருந்தேன். (என் மனைவி வாழப்பாடிக்காரி. இந்தக் கதை அவள் காதுக்கு எட்டவில்லை என்று அதுவரை நிம்மதியாக இருந்தேன்.) சுமதி மகளுக்கு என்னைக் காட்டி, அம்மா சொல்லியிருந்தேனே, அந்தப் பேசின சாமி இவர்தான் என்றாள். உனக்கு என்ன சொன்னார் என்று மகள் கேட்டாள்.

“எனக்கு எங்க கண்ணு சொன்னாரு? ஊருக்கெல்லாம் பேசுனாரு, எனக்குத் திருநீறுதான் குடுத்தாரு.”

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். அன்றிலிருந்து நான் எதற்காவது பதில் சொல்லத் தாமதித்தால், யார் வந்திருந்தாலும் சரி, உள்ளங்கையை நீட்டி, “பேச்சு வரலன்னா திருநீறாவது குடுங்க சாமி” என்கிறாள். சொந்தபந்தம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

அந்த நாடக இரவில், திருநீறு வாங்கிக்கொண்ட பிறகும் சுமதி உடனே மேடையை விட்டு இறங்கிப் போகவில்லை. அவளுடைய அப்பா மூன்று தடவை ஹாரன் அடிக்கும்வரை என் எதிரில் அப்படியே நின்றாள். அதை மட்டும் நான் இதுவரை வீட்டில் சொன்னதில்லை.