வேணாம்லா போட்ட தரை

எனக்கு ரத்தக்கொதிப்பு வரக் காரணம் யார் என்று டாக்டர் கேட்டால், என் கணவரை விட்டுவிடுவேன். எதிர்வீட்டுக் கரோக்கிப் பாட்டுச் சத்தத்தைக்கூட மன்னித்துவிடுவேன். நேராக வேணாம்லாவைத்தான் கைகாட்டுவேன். பார்த்த மாத்திரத்தில் ஒரு மனுஷிக்குக் கோபமூட்ட இந்தத் தீவில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தேக்கா கடைத்தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வீடு புதுப்பிக்கும் தொழில். யார் எதைக் கேட்டாலும் வாயில் வரும் முதல் சொல் 'வேணாம்', அதன் வாலில் இந்த ஊர் 'லா'.

எங்கள் வீடு புக்கிட் மேராவில் இருக்கும் பழைய அடுக்குமாடி வீடு. இரண்டு படுக்கையறைகளிலும் அந்தக் காலத்து மரக்கட்டைத் தரை. ஓரங்களில் கட்டைகள் பல்லைப்போல ஆடிக்கொண்டிருந்தன. ஒருநாள் என் மாமனார் அதில் ஒன்று தடுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. அவர் திரும்பி வருவதற்குள் இரண்டு அறைகளிலும் தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக வினைல் பலகை போட்டாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். என் கணவர் அந்தோணி தேக்காவில் விசாரித்து இந்த மனிதரைக் கூட்டிவந்தார்.

கையில் குடையோடு வந்தார். வெளியே நல்ல வெயில். குடை முனையால் தரையைக் குத்திப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"சாம்பல் கலர் போடலாம்னு இருக்கோம்" என்றேன்.

"வேணாம்லா. ஆஸ்பத்திரியிலேருந்து வர்றவருக்கு வீட்லயும் ஆஸ்பத்திரியா?"

"சரி, வெள்ளை மாதிரி ஒண்ணு…"

"வேணாம்லா. முடி விழுந்தா தெரியும்."

"அப்ப கறுப்பு?"

"வேணாம்லா தங்கச்சி. தூசு தெரியும்."

"உங்களுக்கு எதுதாங்க வேணும்?"

"எனக்கு என்னம்மா வேணும்? வீடு உங்க வீடு."

அன்றைக்கே துரத்தியிருக்க வேண்டும். "வேற ஆளு கிடைக்காதும்மா" என்று அந்தோணி கெஞ்சினார். கடைசியில் தேக்கு நிறத்தில் ஒரு பலகையை நானே முடிவு செய்தேன். அதற்கும் அவர் வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பழைய தரையை இடித்துப் பெயர்த்தார். வீடெல்லாம் தூசி. கட்டில்கள், மெத்தைகள், அலமாரிகள் எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டன. குளிக்கப் போக வேண்டுமென்றால் ஒரு கட்டிலில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். இந்தக் கோலத்தில் எங்களை விட்டுவிட்டு மனிதர் மாயமாகிவிட்டார். போன் அடித்தால் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் ஒரு பூங்கொத்துப் படமும் "காலை வணக்கமும்" பதிலாக வரும்.

தேக்காவுக்குப் போய்க் கோப்பிக்கடையில் கேட்டேன். "சுவா சூ காங்ல ஒரு வீட்ல வேலை செய்றாருக்கா" என்று சொல்லி புளோக் நம்பரையும் கொடுத்தார்கள். போனேன். கதவைத் திறந்த அம்மாள் தலைவிரிகோலமாக நின்றார். அவருக்குப் பின்னால் ஹாலில் கட்டில், மெத்தை, அலமாரி. நடுவில் நம் ஆள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அவரோட ஆளா? பச்சைப் பெயின்ட் கேட்டா வேணாம்லாங்குறாரு. ஜன்னலோரம் கட்டில் போடணும்னா வேணாம்லாங்குறாரு" என்று அந்த அம்மாள் என்னிடம் பொரிந்தார்.

"அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

"புண்ணியமாப் போவும், கூட்டிட்டுப் போங்க!"

அவருடைய கருவிப் பையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். பை போகும் இடத்துக்கு ஆள் வந்துதானே ஆக வேண்டும்? எம்ஆர்டி ரயிலில் வழிநெடுக, "இப்படிக் கோவப்பட்டா உடம்புக்கு ஆகாது தங்கச்சி" என்று எனக்கே புத்திமதி சொல்லிக்கொண்டு வந்தார்.

வந்தவர் மாமாவின் அறையை விட்டுவிட்டு எங்கள் அறையில் பலகை போட்டு முடித்தார்.

"அவரு ரூமைத்தானே முதல்ல போடச் சொன்னேன்?"

"அதுல வெளிச்சம் பத்தலலா."

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கரோக்கி நின்றுபோனது.

மாமா வீடு வந்தபோது அவருக்கு அறை இல்லை. ஹாலில், அலமாரிகளுக்கு நடுவே கட்டிலைப் போட்டோம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர் அவர். கப்பல் ஹாரனை மீறிக் கத்தக்கூடிய குரல். விழுந்ததிலிருந்து அந்தக் குரல் போய்விட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "முடியலம்மா, விட்டுடு" என்றார். இப்போது நடக்காவிட்டால் அப்புறம் எழவே மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தோணி அடுப்படிக்குப் போய், வெங்காயம் நறுக்காமலே அழுதார்.

மறுநாள் வேணாம்லா மாமாவின் அறையில் வேலையைத் தொடங்கினார். ரப்பர் சுத்தியால் தட்டும் சத்தம்.

"யோவ், மெதுவாத் தட்டு" என்றார் மாமா, சுவரைப் பார்த்தபடி.

"மெதுவாத் தட்டுனா பலகை உக்காராதுலா."

"சத்தத்தைக் கேட்டாலே தெரியுது, கோணலாத்தான் போடுறே."

"படுத்துக்கிட்டே கோணல்ங்குறியே பெரியவரே! வந்து பாத்துட்டுப் பேசு!"

எனக்கு உச்சிவரை ஏறிவிட்டது. இடுப்பு உடைந்த மனிதரிடம் சொல்லும் பேச்சா இது? இன்றைக்கு இந்த ஆளை ஒருவழி பண்ணிவிடுவது என்று கையில் கரண்டியோடு அந்த அறைக்குள் புகுந்தேன். வாயைத் திறப்பதற்குள் பின்னால் வாக்கர் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

மாமா நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. பிடிக்க ஓடினேன். "விடு" என்றார். வாக்கரை ஒரு தள்ளு, ஒரு காலடி. இன்னொரு தள்ளு, இன்னொரு காலடி. வழியில் இருந்த மெத்தையை அந்தோணி ஓடிவந்து இழுத்துப் போட்டார். மாமா வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தார்.

"கோணல்."

"எங்க கோணல்?"

"செவுத்தோரம் பாருய்யா, கண்ணு இல்லை?"

துறைமுகக் குரல் திரும்பி வந்திருந்தது. இரண்டு பேரும் போட்ட சண்டை கீழ்மாடி வரை கேட்டிருக்கும். உண்மையில் கோணலாகத்தான் இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி போட்டார்.

அதன்பிறகு தினமும் அதே கூத்துதான். அவர் ஏதாவது சொல்வார், மாமா வாக்கரை எடுத்துக்கொண்டு பாய்வார். சீக்கிரம் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒருவழியாக முடிந்த பிறகும், கதவு உரசுகிறதா பார்க்கணும், ஓரம் தூக்கியிருக்கா பார்க்கணும் என்று ஞாயிறுதோறும் வந்து நிற்கிறார். மாமா அவரை இரண்டு அறைகளுக்கும் நடத்திக் கூட்டிப்போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறார். இப்போது வாக்கர் இல்லை, கைத்தடி மட்டும்தான்.

ஒருநாள் லிஃப்ட் வாசலில் அவரை மடக்கினேன். "வேணும்னுதானே எங்க மாமாவை வம்புக்கு இழுக்குறீங்க?"

முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு தங்கச்சி இது? என் வேலையைக் கோணல்ங்குறாரு. நான் சும்மா இருக்கணுமா?"

நடிக்கிறாரா, நிஜமாகவே கோபமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்த எரிச்சல் வேறு.

போன ஞாயிறு நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து வெகுநேரமாகியும் அவரைக் காணவில்லை. மாமா நல்ல சட்டை மாற்றிக்கொண்டு, தானாகவே நடந்துபோய்த் தாழ்வாரத்தில் நின்றார். நான் வேணாம்லாவுக்கென்று எடுத்துவைத்த மீன் துண்டுகளை மறுபடி அடுப்பில் போட்டுச் சூடாக்கினேன். கோபமாகத்தான் சூடாக்கினேன்.