காலிஃபிளவரால் காலியான தெரு

தினமும் ஊராருடைய இரத்தத்தைப் பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொள்ளும்: அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பது. நான் திண்டிவனத்தில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களுக்கு ஊசி குத்துவதுதான் வேலை. ஆனால் என் பேச்சைக் கேட்டால் நான்கு ஊரில் ஆஸ்பத்திரி வைத்திருப்பவன் என்று நினைப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டினால் போதும், "சார், மூணு மாச சுகர் கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவேன். (அதனால் பந்தியில் எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் எப்போதும் தாராளமாக இடம் இருக்கும்.)

இந்த வாய்தான் கல்யாணமான இரண்டாம் வருடம் என்னை விழுப்புரத்தில், மாமனார் வீட்டு வாசலில், கையில் கரண்டியோடு நிறுத்தியது.

மாமனார் ஏகாம்பரம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் பச்சைக் கொடி காட்டிப் பழகிய கை. சோற்றுக்கு மட்டும் சிவப்புக் கொடி காட்ட அதற்கு வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டியில் ஃப்ரைடு ரைஸ் பார்சல் வாங்கி வந்துவிடுவார். வீட்டில் அது பாட்டுக்குச் சோறும் தனியாக இருக்கும்.

ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவரின் கையைப் பிடித்து இழுத்து, நானே இரத்தம் எடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரை ஒன்பதரை; ஏழுக்குள் இருக்க வேண்டியது. அடுத்த வாரமே விழுப்புரம் போய்த் தீர்ப்பு சொன்னேன்.

"மாமா, இனிமே ராத்திரியில சோறு கிடையாது."

அவர் என்னை ஒரு நிமிடம் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப ராத்திரியே எதுக்குங்க மாப்ள?"

"காய் சாப்பிடலாமே."

"காய் சோத்துக்குத் தொட்டுக்கிறதுங்க. எதையும் தொடாம சும்மா தொட்டுக்கினே இருந்தா எப்புடி?"

நியாயமான கேள்வி. அங்கே வாயை மூடியிருக்கலாம். ஆனால் முந்தின நாள் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். காலிஃபிளவரைப் பொடிப்பொடியாக்கி, அரிசிக்குப் பதிலாக அதிலேயே ஃப்ரைடு ரைஸ். மாவுச்சத்து ரொம்பக் குறைவு, சுவையில் வித்தியாசமே தெரியாது என்று அந்தப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அரிசியே இல்லாம ஃப்ரைடு ரைஸ் பண்ணிக் காட்றேன் மாமா. உங்களால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலன்னா ராத்திரிச் சோத்த விட்டுடணும்."

"கண்டுபுடிச்சிட்டா?"

"இந்த வீட்ல சுகருன்ற வார்த்தையையே நான் எடுக்க மாட்டேன்."

மாமனார் அவசரமாக எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

கிளம்பும்போது மாமியார் பச்சையம்மாள் கேட் வரைக்கும் வந்தார். சத்தமே இல்லாமல் பேசினார். "மாப்ள, இவுரு அண்ணனுக்கு மொதல்ல சுண்டுவெரல எடுத்தாங்க. அப்பறம் பாதம். அப்பறம் முட்டிக்குக் கீழ. இவுருதான் ஆஸ்பத்திரியில கூடவே இருந்தாரு. அதப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து போயிடறாரு. எப்புடியாச்சும் இவர வழிக்குக் கொண்டாந்துடுங்க."

விளையாட்டாகப் போட்ட பந்தயம் இப்படி ஒரு மனிதரின் காலில் போய் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. திண்டிவனம் வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் அதே வீடியோவைப் பதினொரு முறை பார்த்தேன்.

"ஒரு தடவ நம்ம வூட்ல பண்ணிப் பாத்துட்டுப் போலாங்க" என்றாள் என் மனைவி மீனா.

"இதுல டெஸ்ட் பண்றதுக்கு என்னா இருக்குது?" என்றேன். (டெஸ்ட் பண்ணியே சம்பளம் வாங்குகிறவன் பேசுகிற பேச்சா இது?)

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விழுப்புரம் மார்க்கெட்டில் குழந்தைத் தலை அளவுக்கு நான்கு காலிஃபிளவர் வாங்கிக்கொண்டு மீனாவோடு போனேன். முதல் பூவை இரண்டாக வெட்டியதும் உள்ளேயிருந்து ஒரு பச்சைப் புழு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் மாமியார் ஓடி வந்தார்.

"இதுக்கா கத்துனீங்க? சுடுதண்ணியில உப்பும் மஞ்சத்தூளும் போட்டு ரெண்டு நிமிசம் வச்சி எடுங்க, போதும்."

இரண்டு நிமிடமாம்! கிருமி நீக்கம் பற்றி எனக்கே பாடமா? இரண்டு பூவைப் போட்டு இருபத்தைந்து நிமிடம் கொதிக்க வைத்தேன். புழு செத்தது உண்மை. கூடவே காலிஃபிளவரும் செத்தது. வெந்ததை மிக்ஸியில் போட்டு, வீடியோவில் சொன்னபடி "விட்டு விட்டு" அடிக்க வேண்டியதை நான் விடாமல் அடித்தேன். மூடியைத் திறந்தால் பல் முளைக்காத குழந்தைக்கு ஊட்டலாம் போல மஞ்சளாக ஒரு கூழ்.

மீனா மீதி இரண்டு பூவையும் பச்சையாகவே கேரட் துருவியில் துருவிக் கொடுத்தாள். அதோடு விட்டிருந்தால் அன்றைக்கே பிழைத்திருப்பேன். ஆனால் செய்த கூழை வீணாக்க மனம் வராமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்தேன். கலந்ததும் தண்ணீர் விட ஆரம்பித்தது.

"துணியில கட்டிப் புழியணும்" என்று பின்பக்கம் ஓடிக் கொடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை உருவிக்கொண்டு வந்தேன். அதில் காலிஃபிளவரைக் கொட்டி, ஒரு முனையை மீனா பிடிக்க, மறுமுனையை நான் முறுக்கினேன். மஞ்சள் தண்ணீர் கொட்டியது. பாதி முறுக்கில் மீனா சரிகைக் கரையைக் கவனித்தாள்.

"ஏங்க, இது அப்பா அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போவ நீலம் போட்டு வச்சிருந்த வேட்டி!"

அவள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினாள். நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். காரணம், மாமனார். "ஒண்ணும் பாக்கலீங்க மாப்ள, தண்ணி குடிக்க வந்தேன்" என்று அவர் குடித்தது அது நாலாவது டம்ளர். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று எக்ஸாஸ்ட் ஃபேனைக்கூடப் போடவில்லை.

அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டு வாணலியில் கிளற ஆரம்பித்தேன். பூண்டு, குடைமிளகாய், பீன்ஸ், வினிகர் எல்லாம் போட்டேன். முதலில் ஒரு வாடை வந்தது. பிறகு வரவில்லை. வாடை போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் அது போகவில்லை, என் மூக்குதான் அதற்குப் பழகிவிட்டிருந்தது. வாடை கதவிடுக்கு வழியாகவும் மேலே இருந்த துவாரம் வழியாகவும் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் கலக்கிற நாற்றமும் அளவுக்கு மீறி வெந்த காலிஃபிளவரின் நாற்றமும் ஒன்றுக்கொன்று பங்காளி என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

சோயா சாஸ் பாட்டிலைத் திறந்தேன். சரியாக அப்போது பக்கத்து வீட்டு தனலட்சுமி அக்காவின் குரல் தெருவையே தூக்கியது.

"கேஸு லீக்காவுது! எல்லாம் வெளிய வாங்க! கேஸு லீக்காவுது!"

அடுத்த சில நொடிகளைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஓடினேன். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரைத் தாண்டினேன். வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மாமனாரைத் தாண்டினேன். தெருவுக்கு வந்த முதல் ஆள் நான்தான். பின்னாலேயே வீடு வீடாகக் காலியாகி மொத்தத் தெருவும் வெளியே வந்தது. ஒருவர் முகத்தில் பாதி சவரம். ஒரு அம்மா கையில் ஒட்டிய மீன் செதிலைத் துடைத்தபடியே அரிவாள்மனையோடு வந்துவிட்டார்.

மாமியார் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"மாப்ள, மீனா எங்க?"

நான் என் கைகளைப் பார்த்தேன். வலது கையில் கரண்டி. இடது கையில், நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி, சோயா சாஸ் பாட்டில். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொண்டுவந்திருந்தேன்.

அவள் பின்பக்கம் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "மீனா!" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடினேன். வாசற்படியில் அவளே எதிரில் வந்தாள். தோளில் ஈர வேட்டி. குழாய்ச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அடுப்ப எரிய வுட்டுட்டு எங்க போனீங்க? அடிபுடிச்சி நாறுது. நான்தான் அணைச்சிட்டு வர்றேன்" என்றாள். அப்புறம் தெருவைப் பார்த்தாள். "என்னா, யாராச்சும் செத்துட்டாங்களா?"

அதற்குள் தெருமுனையில் குடியிருந்த, சிலிண்டர் போடுகிற பாஷா பாய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தள்ளுங்க, ஜல்தி தள்ளுங்க! யாரும் சுச்சு போடாதீங்க! எந்த வூடு?"

எல்லாருடைய விரலும் எங்கள் வீட்டைக் காட்டியது. பாய் மீனாவிடம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சா சார்?"

"ஆமா பாய்."

"கேஸு லீக்காயி, அடுப்பும் எரிஞ்சிருந்தா இன்னேரம் வூடே இருக்காதே சார். நீங்க சயின்சு படிச்சவருதான?"

நான் பாட்டில் லேபிளைப் படிப்பதில் கவனமாக இருந்தேன். பாய் உள்ளே போனார். சோப்புத் தண்ணீர் தடவி டியூபையும் ரெகுலேட்டரையும் பார்த்தார் போலிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வாணலியைத் தூக்கிப்பிடித்தபடி வெளியே வந்தார்.

"லீக்கு சிலிண்டர்ல இல்ல சார். இதுலதான். என்னா சார் இது?"

தெருவே காத்திருந்தது.

"ஃப்ரைடு ரைஸ்" என்றேன்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பாதி சவரக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தனலட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னா பேஜாருடா இது!" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மாமனார் ரயில்வேக்காரர். பந்தயம் என்றால் பந்தயம். உள்ளே வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தார். அடிபிடிக்காத பகுதியாகப் பார்த்து நானே பரிமாறினேன். கரண்டியைக் கவிழ்த்தாலும் அது தட்டில் விழவில்லை. தட்ட வேண்டியிருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். கண்ணை மூடி விழுங்கினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"நான் சோத்தக் கொறச்சிக்கலன்னா இத மறுபடியும் பண்ணுவீங்களா?"

மாமியாரைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே ஆமாம் என்று ஜாடை காட்டினார்.

"வாரா வாரம் வந்து பண்ணுவேன் மாமா."

அவர் தண்ணீர் குடித்தார். தட்டைத் தள்ளி வைத்தார். "பச்சை, இன்னையிலேர்ந்து எனக்கு ராத்திரி ஒரே ஒரு கரண்டி சோறு. மீதி காயோ கீரையோ எதுவானாலும் போடு. இவுர மட்டும் அடுப்புக்கிட்ட வுடாத."

பிறகு யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார். "அண்ணனுக்கு இப்புடி ஒரு மாப்ள இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." மாமியார் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் எதையோ எடுப்பது போல எழுந்தேன்.

மூன்று மாதம் கழித்து நானே இரத்தம் எடுத்தேன். ஏழுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. இன்றைக்கும் அவர் இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினால் மாமியார் அதட்டுவதில்லை. "மாப்ளைக்குப் போன் போடட்டுமா?" என்று மட்டும் கேட்கிறார். தட்டு தானாகவே பின்வாங்கிவிடுகிறது. மருந்துக் கம்பெனிகள் என்னைத் தேடி வராதது ஆச்சரியம்தான்.

இது மாமனார் வீட்டுக் கணக்கு. என் வீட்டுக் கணக்கு வேறு.

அன்று சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் மீனா பேசவே இல்லை. விக்கிரவாண்டி தாண்டியது. மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாயைத் திறந்து மூடினேன். கூட்டேரிப்பட்டு வந்தபோது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறித் திரும்பினால், வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூடிய தொறந்து வச்சிக்கினு எப்புடிங்க ஒரு சொட்டுகூட சிந்தாம ஓடுனீங்க?" என்றாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன மழைக்காலத்தில் திண்டிவனத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. வாசற்படியைத் தொட்டதும், மாடி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் ரேஷன் கார்டையும் சர்டிபிகேட்டுகளையும் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். மகளை இடுப்பில் வைத்திருந்த மீனா சமையலறைக்குள் போய் வந்தாள். என் கையில் சோயா சாஸ் பாட்டிலைத் திணித்தாள்.

"இந்தாங்க. மொதல்ல இத பத்திரமா மேல கொண்டு போயிடுங்க. நானும் பாப்பாவும் பொறுமையா வர்றோம்."