அக்காவின் சர்க்கரைக்கு அத்தானின் தேநீர்

மனித இனம் முதலில் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு சர்க்கரையைக் கண்டுபிடித்தது. சக்கரத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட அளவுக்குச் சர்க்கரையை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளர். அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார்: வேளாவேளைக்கு மாத்திரை, சாயங்காலம் அரை மணி நேரம் நடை. மாத்திரைக்கு அத்தான் 'ஒப்புதல்' அளித்தார். நடை 'பரிசீலனையில்' இருந்தது. அதற்குள் அவர் எங்கோ மூலிகைத் தேநீரைப் பற்றிப் படித்துவிட்டார்.

சமையலறையில் முதல் கூட்டம் நடந்தது. அத்தான் தலைமை. நானும் மாடிவீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் உறுப்பினர்கள். அக்கா அடுப்படியில் நின்றபடி 'சிறப்பு அழைப்பாளர்'.

"பட்டை, இஞ்சி, வெந்தயம், ரெண்டு கிராம்பு. மிக்ஸி கூடாது, சத்து போயிடும். கையால இடிக்கணும். பாதியா சுண்டணும். துணியில ரெண்டு தடவை வடிகட்டணும்" என்றார் அத்தான்.

"யாரு கையால?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் நடைமுறை. இப்ப நாங்க கொள்கை பேசிக்கிட்டிருக்கோம்."

கொள்கை ஒருமனதாக நிறைவேறியது.

தேநீரின் புகழ் பரவியது. சாயங்காலமானால் அத்தானின் அலுவலகத்தார் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். ஏஜென்ட் ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடி, "உடம்பே காத்தாடி மாதிரி லேசாயிடுச்சு" என்பார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. இருந்தாலும் அந்த உற்சாகத்தை நாம் மதிக்க வேண்டும்.

ஒருநாள் அக்கா செருப்பை மாட்டினாள். "கொஞ்சம் நடந்துட்டு வரேங்க."

"தாராளமா போ. ரெண்டாவது வடிகட்டல் மட்டும் முடிச்சிட்டுப் போ."

வடிகட்டி முடித்தபோது இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றினாள்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. அத்தான் தேநீர்க் குறிப்புகளைத் தனிக் கோப்பாகவே கொண்டுவந்தார். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு, "முன்னைவிட ஏறியிருக்கே. நடக்கிறீங்களாம்மா?" என்றார்.

"எங்க டாக்டர் நேரம்? டீ போடவே சரியா இருக்கு."

"சரி, அந்த டீயாவது ஒழுங்கா குடிக்கிறீங்களா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மிச்சம் இருந்தா குடிப்பேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தார். அத்தான் கோப்பைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குடலின் படத்தை மிக ஆர்வமாகப் பார்த்தேன்.

"டீயெல்லாம் நல்லதுதான்" என்றார் டாக்டர். "ஆனா சர்க்கரை யாருக்கோ அவங்க குடிக்கணும். அதைவிட முக்கியம், அவங்க நடக்கணும்."

மறுநாள் சாயங்காலம் அக்கா, நாங்கள் தேநீருக்குக் காத்திருந்த கூடத்தின் வழியாகவே வாசலுக்குப் போனாள். "ஏங்க, பட்டை ரெண்டாவது தட்டுல இருக்கு. அடுப்பு இருந்த இடத்துலயே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். கையை வீசி நடந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்தே பல வருஷம் ஆகிறது.

நாங்கள் மூவரும் உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். அரை மணி நேரம் காரசாரமான விவாதம். இறுதியில், அக்கா திரும்பி வந்து தேநீர் போடும்வரை பொறுமையாகக் காத்திருப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

முன்மொழிந்தவன் நான்.